படிக்க மாட்டேங்கானா... படிக்க முடியலையா? - பள்ளி உளவியலாளர் ஆவது எப்படி?

ஜூன் பிறந்தால் தென்காசிக்காரர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, மேற்கே பார்ப்பது. மலையில் மேகம் இறங்கிவிட்டதா, சாரல் விழுகிறதா, ஐந்தருவியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஊரே விசாரிக்கும். இன்னொன்று, பிள்ளைகளுக்கு நோட்டு, பை, சீருடை வாங்கிப் பள்ளிக்கூடம் அனுப்புவது.

குற்றாலத்தில் சீசன் கடை போடும் குடும்பங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் சம்பாத்தியக் காலம். பிள்ளை புது வகுப்பில் தடுமாறத் தொடங்குவதும் அதே மூன்று மாதங்களில்தான். விடியற்காலையிலிருந்து ராத்திரிவரை கடையில் நிற்கும் அப்பா, அம்மாவுக்கு அது கண்ணில் படாது. கடையநல்லூர், ஆலங்குளம், கடையம் பக்கம் போனால் அம்மாக்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். அப்பா கேரளாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் வீடுகளும் இந்த மாவட்டத்தில் ஏராளம். அங்கே பிள்ளையின் படிப்பைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஆச்சிதான்.

காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும்தான் வீட்டில் சத்தம் கிளம்பும். “பய படிக்கவே மாட்டேங்கான் சார்... நாலு போடு போடுங்க, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்” என்று ஆசிரியரிடமே சொல்லிவிட்டு வருகிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

‘படிக்க மாட்டேங்கான்’ என்பதற்கும் ‘படிக்க முடியலை’ என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அதை அடையாளம் காணத் தெரிந்தவர்தான் பள்ளி உளவியலாளர். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும், தென்காசி மாதிரி ஊரிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ அங்கே போய்ச் சேர வழி இருக்கிறதா?

யார் இவர்?

மனம் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ‘மனநல டாக்டர்’ என்று ஒரே பெயரில் அழைப்பது நம் வழக்கம். ஆனால், வேலைகள் வேறு வேறு.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த மருத்துவர். மருந்து எழுதித் தருபவர் இவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் சிக்கல்களைச் சோதனைகள் மூலம் கண்டறிந்து, பேச்சு வழியிலும் பயிற்சி வழியிலும் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்கிற ஆர்.சி.ஐ-யில் பதிவு செய்திருக்க வேண்டும். சிறப்பாசிரியர், கற்றல் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ள குழந்தைக்கு அதற்கேற்ற முறையில் பாடம் நடத்துபவர். கவுன்சலர், மாணவர்கள் மனம்விட்டுப் பேச இடம் கொடுத்து, முடிவெடுக்கத் துணை நிற்பவர்.

பள்ளி உளவியலாளர் இவர்கள் எல்லோருக்கும் நடுவில் நிற்பவர். குழந்தையிடம் மட்டும் பேசிவிட்டு அவர் எழுந்துபோவதில்லை. வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், ஆசிரியரிடம் கேட்பார், வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வார், தேவைப்பட்டால் சோதனைகள் வைப்பார். பிறகு, ‘இந்தப் பிள்ளைக்கு வகுப்பில் இன்னின்ன மாற்றம் வேண்டும்’ என்று ஆசிரியரோடு சேர்ந்து திட்டம் போடுவார்.

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று, வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறது. எழுதச் சொன்னால் திணறுகிறது. பயிற்சி பெற்றவர் உடனே ‘டிஸ்லெக்சியா’ என்று சீட்டு ஒட்டமாட்டார். முதலில் கண் சரியாகத் தெரிகிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்வார். அடிக்கடி லீவு போட்டதா, தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியதா, காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறதா, வீட்டில் குடித்துவிட்டு அடிப்பவர் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் சோதனை. இந்த வரிசை தெரியாமல் கையில் சோதனைத்தாளை எடுத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது உதவியல்ல, பட்டப்பெயர்தான்.

எழுத்துக் கூட்டத் தெரியாத பையன்

இந்தத் துறையின் பிறப்பே அப்படி ஒரு பிள்ளையால்தான். 1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் லைட்னர் விட்மரிடம், ஒரு பள்ளி ஆசிரியை 14 வயதுப் பையனை அழைத்துவந்தார். மற்ற பாடங்களில் சமாளிக்கிற பையனுக்கு எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவில்லை. பரிசோதித்த விட்மர், அவனுக்குப் பார்வைக் கோளாறும் இருப்பதைக் கண்டார். கண்ணாடி போடச் செய்து, கூடவே தனிப் பயிற்சியும் ஏற்பாடு செய்தார். உலகின் முதல் உளவியல் சிகிச்சை மையம் என்று சொல்லப்படுவது அந்த ஆண்டு அங்கே தொடங்கியதுதான்.

1905-ல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே, சைமனோடு சேர்ந்து முதல் அறிவுத்திறன் சோதனையை வெளியிட்டார். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதற்காக உருவான சோதனை அது. பின்னாளில்தான் ‘உன் ஐ.க்யூ. எத்தனை?’ என்று பெருமை பேசும் கருவியாகிப்போனது. 1915-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்னால்டு கெசல், ‘பள்ளி உளவியலாளர்’ என்ற பதவிப் பெயரோடே நியமிக்கப்பட்டார்.

இன்று அமெரிக்காவில் இந்த வேலைக்கு வர, பட்டப்படிப்புக்குப் பிறகு சுமார் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். அதில் 1,200 மணி நேரம் நேரடிப் பயிற்சி. குறைந்தது 600 மணி நேரம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் என்பது அங்குள்ள தேசியச் சங்கத்தின் பரிந்துரை. இங்கிலாந்தில் மூன்றாண்டு முனைவர் பட்டப் பயிற்சியே தேவை.

இங்கே என்ன படிப்பது?

நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வருகிற பாதை இது: மூன்று ஆண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. உளவியல், அதன்பிறகு இரண்டு ஆண்டு எம்.எஸ்ஸி. உளவியல் அல்லது ஆலோசனை உளவியல். சில பல்கலைக்கழகங்கள் வேறு பட்டம் படித்தவர்களையும் முதுகலையில் சேர்த்துக்கொள்கின்றன. சில, இளங்கலையிலேயே உளவியல் படித்திருக்க வேண்டும் என்கின்றன. விண்ணப்பம் போடும் முன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-லிருந்து இயங்குகிறது. அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களிலும் உளவியல் துறைகள் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தில் ஆலோசனை உளவியல் முதுகலை இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குச் சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் ஒரு முக்கியமான இடம்.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என்.சி.இ.ஆர்.டி. நடத்திவரும் வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனைக்கான ஓராண்டு டிப்ளமோ. ஆறு மாதம் வீட்டிலிருந்தே படிப்பு, மூன்று மாதம் நேரடி வகுப்பு, மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி. தென் மாநிலத்தவர்களுக்கு மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம்தான் மையம். இதை முடித்தால் உளவியலாளர் ஆகிவிட முடியாது. ஆனால், ஒரு பள்ளியில் முறையாகப் பயிற்சி பெற்ற ஆலோசகராக இருக்கலாம்.

முதுகலையில் சொல்லித் தருவது என்ன? குழந்தை வளர்ச்சி, ஆளுமை, கற்றல் கோட்பாடுகள், மனநலச் சிக்கல்கள், ஆலோசனைத் திறன், புள்ளியியல், ஆய்வு முறை, தொழில் நெறி. இதோடு சோதனைகள் வைக்கும் பயிற்சியும் உண்டு. பினே-காமத் சோதனை, இந்தியக் குழந்தைகளுக்காக மாலின் தகவமைத்த அறிவுத்திறன் சோதனை, கற்றல் குறைபாட்டைக் கண்டறிய பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய தொகுப்பு ஆகியவை இந்தியாவில் புழக்கத்தில் உள்ளவை.

சோதனையை வாசித்துக்காட்ட யாராலும் முடியும். யாருக்கு, எந்த மொழியில், எந்த மனநிலையில் வைக்கிறோம் என்பதை அறிவதுதான் படிப்பு. வீட்டில் யாரும் எழுத்து வாசனை அறியாத, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால், அது பிள்ளையின் அறிவை அளக்காது. அதற்கு ஆங்கிலம் தெரியுமா என்பதை மட்டும்தான் அளக்கும். செங்கோட்டை, புளியரை பக்கம் மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் இதே கவனம் தேவை. உள்ளூர்ப் பேச்சு தெரிந்த உளவியலாளர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூடப்பட்ட ஒரு கதவு

இதுவரை, வீட்டை விட்டு நகர முடியாத பெண்களுக்கு அஞ்சல் வழிக் கல்வி ஒரு வாசலாக இருந்தது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வேலைக்கும் போய்க்கொண்டே உளவியல் முதுகலை முடித்தவர்கள் உண்டு.

2025 ஜூலை-ஆகஸ்ட் கல்வியாண்டிலிருந்து அந்த வாசல் சாத்தப்பட்டுவிட்டது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. 2021-ல் வந்த சுகாதாரத் துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதுதான் காரணம்.

நியாயம் இல்லாத உத்தரவு என்று சொல்லிவிட முடியாது. ஒரு குழந்தையின் எதிரே உட்கார்ந்து, அதன் அழுகையைத் தாங்கி, அடுத்த கேள்வியை எப்போது கேட்பது, எப்போது கேட்காமல் இருப்பது என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. மேலே ஒருவர் இருந்து பார்த்துத் திருத்த வேண்டும். ஊசி போடுவதை அஞ்சலில் கற்றுக்கொண்ட நர்ஸிடம் யாரும் கையை நீட்டமாட்டார்கள், இல்லையா?

ஆனால், கதவைச் சாத்தியவர்கள் பக்கத்திலேயே இன்னொரு கதவைத் திறக்க வேண்டாமா என்பதுதான் தென்காசியின் கேள்வி. செங்கோட்டையிலிருந்து கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் பயணித்தால்தான் சென்னை. அங்கே இரண்டு வருடம் ஹாஸ்டல் கட்டணம், சாப்பாடு, பயணம் என்று கணக்குப் போட்டால், பீடி சுற்றும் அம்மாவின் வருமானத்துக்கு அது மலை ஏறுகிற காரியம். 1964-ல் தொடங்கப்பட்ட குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி, பெண்கள் பஸ்ஸில் வந்து பட்டம் வாங்கிவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலையை இந்த வட்டாரத்தில் உண்டாக்கியது. உளவியலில் களப்பயிற்சியோடு கூடிய முதுகலை இடங்களும் அதுபோல பஸ் போய் வரும் தூரத்தில் பெருகினால்தான், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்க்காரர் கிடைப்பார்.

ஆய்க்குடி காட்டும் வழி

உள்ளூரிலேயே ஆட்களைத் தயாரிக்க முடியும் என்பதற்குத் தென்காசி மாவட்டமே சாட்சி. ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் ஏற்பட்ட விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமைப்பு இது. தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டே பட்டயக் கணக்காளரான சங்கரராமன் பின்னர் அவரோடு கைகோத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வளர்ச்சியில் தாமதம் உள்ள சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இவர்கள் செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போகிறார்கள். குழந்தை தலை நிற்கிறதா, பேச்சு வருகிறதா என்பதைச் செயலியில் பதிகிறார்கள். பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகிய நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். வீட்டில் தொடர்ந்து பயிற்சி கொடுக்க அம்மாவுக்கும் சொல்லித்தரப்படுகிறது. நிபுணர் ஒருவர், அவருக்குக் கீழே ஊர்ப் பணியாளர்கள், நடுவே முறையான மேற்பார்வை. இந்த ஏற்பாடு பள்ளிகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முதுகலை உளவியலாளர் கிடைக்கும்வரை, சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரை வைத்து, பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அவர் மேற்பார்வையில் இயக்கலாம்.

“அம்மைட்ட சொல்லிருவீங்களா?”

பள்ளி உளவியலாளர் முன்னால் வந்து உட்காரும் பிள்ளை பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான். “டீச்சர்... இத எங்க அம்மைட்ட சொல்லிருவீங்களா?”

‘சொல்லவே மாட்டேன், சத்தியம்’ என்பவர் பயிற்சி பெறாதவர். பயிற்சி பெற்றவர் முதலிலேயே எல்லையைச் சொல்லிவிடுவார். “நீ சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். ஆனா, உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னால வேற யாருக்காவது ஆபத்துன்னா, இல்ல உன்னை யாராவது தப்பா நடத்துறாங்கன்னா, உன்னைக் காப்பாத்தக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

இது வெறும் நாகரிகம் அல்ல, சட்டமும்கூட. 2012-ன் போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். ‘பள்ளி மானம் போயிரும்’ என்று தலைமையாசிரியரோ, ‘பிள்ளை வாழ்க்கை போயிரும்’ என்று உறவினரோ தடுத்தாலும் நெறி தெரிந்தவர் பின்வாங்கக் கூடாது. இரண்டு ஆண்டுப் படிப்பு தர வேண்டிய முதுகெலும்பு இதுதான்.

தென் மாவட்டங்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில், பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமை நடந்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்வதோடு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. பையன் கையில் கயிறு ஏறும் நாளிலேயே அவனிடம் பேச ஒருவர் பள்ளியில் இருந்திருந்தால் என்கிற ஏக்கம் அந்தப் பரிந்துரைக்குள் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள நிபுணரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை மனநலப் பயிற்சி கட்டாயம்.

100 பிள்ளைகள் என்றால் ஒரு நடுநிலைப் பள்ளியே அந்த வரம்புக்குள் வந்துவிடும். இத்தனை பள்ளிகளுக்கு ஆட்கள் வேண்டுமென்றால் படிப்பு இடங்களும் வேண்டும், அரசுப் பணியிடங்களும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வார சான்றிதழ் வாங்கியவர் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்டிக்கொள்வார். முதுகலை முடித்தவரோ, நிரந்தர வேலை இல்லாமல் வேறு வேலை தேடிப் போவார்.

ஒரு சின்ன மாற்றம்கூட உயிர் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருடமே போய்விடும் என்ற நிலை முன்பு இருந்தது. அதே ஆண்டில் எழுதித் தேறும் துணைத் தேர்வு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில், 1986-ல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். இன்று பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூ-விலோ தோற்ற பிள்ளை, சில வாரங்களில் மறுபடி எழுதி நண்பர்களோடு கல்லூரிக்கும் போய்விட முடிகிறது.

ஆலோசகரிடம் அனுப்பும் முன் கேளுங்கள்

* என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம், நேரடிப் படிப்பா?
* எங்கே, யார் மேற்பார்வையில் களப்பயிற்சி எடுத்தார்?
* கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால், ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?
* பிள்ளைக்குச் சோதனை வைத்தால் எந்த மொழியில், முடிவை எழுத்தில் தருவாரா?

அவசரத்துக்கு

பள்ளிக் கல்வித்துறை உதவி எண்: 14417. குழந்தைகளுக்கான உதவி எண்: 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104. சிநேகா: 044-24640050.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று தயங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிக் கேட்டு வாங்கிய குழுக்கள் நிறைய உண்டு. அடுத்த கூட்டத்தின் நோட்டில் இன்னொரு வரியும் ஏறட்டும்: ‘நம்ம பிள்ளைகள் மனசுவிட்டுப் பேச, படிச்ச ஆள் ஒருத்தர் எப்போ வருவாங்க?’